முப்பத்தொரு மாட்யூலும் ஒரு பாட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு ஹாலில் டிவி இருந்த இடத்தில் இப்போது இருக்கும் மரப்பெட்டி மீன்தொட்டி அல்ல. இன்வெர்ட்டர் அல்ல. ஜாதகம் கணிக்கிற மெஷினும் அல்ல. கடைசியாகச் சொன்னதைக் கேட்டவர் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். படித்த மனுஷரே இப்படிக் கேட்டால் மற்றவர்களை என்ன சொல்ல? அது சிந்தசைசர். இசைக்கருவி. இதை ராஜபாளையத்தில் ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

என் பெயர் மாரிச்சாமி. செட்டியார்பட்டி ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். மில்லில் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்க டிரைவ் என்று ஒன்று உண்டு. அதற்குக் கொடுக்கிற வோல்ட் ஏற ஏற மோட்டார் வேகம் ஏறும். என் பெட்டியிலும் அதே கதைதான். வோல்ட் ஏறினால் சுருதி ஏறும். இருபது வருஷம் மோட்டாரை ஏற்றி இறக்கியவன், அதே வோல்ட்டை வைத்து ஒருத்தன் பாட்டுப் போடுவதை யூடியூபில் பார்த்தால் பைத்தியம் பிடிக்குமா பிடிக்காதா? பிடித்தது.

கீபோர்டு மாதிரி இதில் கட்டை கிடையாது. சின்னச் சின்ன மாட்யூல்களாக வாங்கி, பெட்டிக்குள் வரிசையாக வைத்து ஸ்குரூ முடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் முகத்திலும் துளைகளும் திருகுகிற குமிழ்களும் இருக்கும். ஒன்றின் துளையிலிருந்து இன்னொன்றின் துளைக்கு ஒயர் சொருக வேண்டும். எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது, எந்தக் குமிழ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இதுதான் பாட்டு. பாட்டு வேறெங்கும் கிடையாது.

என்னிடம் முப்பத்தொரு மாட்யூல். அதில் சத்தம் போடுவது இரண்டு. மீதி இருபத்தொன்பதும் யுடிலிட்டி. அதாவது எடுபிடி. ஒன்று ஒரே ஒயரில் வருவதை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும். இன்னொன்று மூன்றை ஒன்றாகச் சேர்க்கும். ஒன்று வருகிற வோல்ட்டைக் குறைத்து அடக்கி வாசிக்க வைக்கும். ஒன்று ஒரு சுருதியிலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகச் செய்யும். ஒன்று தாளத்தை இரண்டாகவும் நாலாகவும் வகுக்கும். தனியாக வைத்தால் இவற்றில் ஒன்றுகூட 'கீ' என்று சொல்லாது.

"பாடுறது ரெண்டு பேரு, சோத்துக்கு இருபத்தொம்பது பேரா மாப்ள?" என்று கேட்டவர் என் மச்சான் சுயம்புலிங்கம். என் வீட்டுக்காரி கனகலட்சுமியின் அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக்செட் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவென்றாலும் அவருடைய வேன்தான் போகும். இசையைப் பற்றி அவருக்கு ஒரே கருத்துதான். கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மச்சான் கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். கனகலட்சுமி கேலிகூடச் செய்யமாட்டாள். சாயங்காலம் மில்லிலிருந்து வந்து நான் பெட்டி முன்னால் உட்கார்ந்தால், அவள் அந்தப் பக்கம் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். நான் ஒயரைப் பிடுங்குவேன், சொருகுவேன், பிடுங்குவேன். அவள் ஜாக்கெட் தைப்பாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "ம்" என்பாள். நன்றாக இருந்தாலும் ம், கண்றாவியாக இருந்தாலும் ம். அந்த ம் ஒன்றுக்காகவே நான் அவளிடம் இதைப் பற்றி விளக்கிச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?

போன வருஷம் ஆயுத பூஜைக்கு நடந்ததில்தான் எனக்கு உச்சக்கட்டக் கோபம். வீட்டில் இருக்கிற அத்தனைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். தையல் மெஷின், மிக்சி, கிரைண்டர், அயர்ன்பாக்ஸ், என் பைக், அரிவாள்மனை, தேங்காய்த் துருவி. காஸ் அடுப்பு லைட்டருக்குக்கூட ஒரு பொட்டு. என் பெட்டிக்குக் கிடையாது!

"ஏட்டி, லைட்டருக்கு இருக்கிற மரியாதை என் சாமானுக்கு இல்லையா?" என்று குதித்தேன்.

"அது என்ன சாமான்னே எனக்குத் தெரியலையே. தெரியாததுக்கு என்னன்னு பொட்டு வைக்க?" என்றாள்.

அன்றைக்குச் சாப்பிடவில்லை நான். சுண்டலைக்கூடத் தொடவில்லை. அதற்கப்புறம் அந்த வருஷம் பூராவும் எந்தச் சண்டை வந்தாலும், "லைட்டருக்குப் பொட்டு வச்சவ தானே நீ" என்று ஆரம்பித்துவிடுவேன். அவளுக்கும் அலுத்துப் போயிருக்கும்.

இந்த வருஷம் கதை வேறு. இந்த வருஷம் எனக்கு ஒரு பாட்டு அமைந்துவிட்டது. ஆறு வருஷத்தில் முதல் பாட்டு. ஏழு மாசமாக ஒயர் ஒயராகச் சேர்த்து, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகி வந்து நின்ற பாட்டு. நாற்பத்தாறு ஒயர். பெட்டி முகமே தெரியாது. சுவிட்சைப் போட்டால் போதும், தானாகப் புறப்பட்டு ஓடும். பாதி ராத்திரியில் விழித்துக்கொண்டால்கூட அது என் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அது என் பாட்டுத்தானா என்று எனக்கே நம்பிக்கை வராது.

பெங்களூரில் இந்த மாதிரிப் பெட்டிக்காரர்களை எல்லாம் மேடையேற்றி ஒரு விழா நடத்துகிறார்கள். ஆளுக்கு இருபது நிமிஷம். அதற்கு ஆள் தேர்வு செய்கிறவர் கிறிஸ்டோ என்று ஒரு தம்பி. எழுதிப் போட்டேன். மதுரைக்கு வருகிறேன், அப்படியே விஜயதசமியன்று காலையில் உங்கள் வீட்டுக்கு வந்து நேரில் கேட்கிறேன் என்று பதில் வந்துவிட்டது. என் பாட்டை, கேட்கத் தெரிந்த ஒருத்தர், கேட்பதற்கென்றே வருகிறார். நாற்பத்தேழு வயதில் எனக்கு வேறென்ன வேண்டும்? மில்லில் ஹெல்பரிலிருந்து மானேஜர் வரை ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டேன். வாட்ச்மேனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ரெக்கார்டு செய்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம்தான். இன்னும் ஒரே ஒரு யுடிலிட்டி வர வேண்டியிருந்தது. அது வந்தால் பாட்டு முழுமையாகிவிடும், அப்போது ஒரேயடியாக ரெக்கார்டு செய்யலாம் என்று இருந்தேன். இந்தப் பெட்டி வைத்திருக்கிற எவனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். போட்டோ? போட்டோ இருந்தது. அதில் நாற்பத்தாறு ஒயரும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கிறது. எது எங்கே போகிறது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

ஆயுத பூஜையன்று எனக்கு மில்லில் வேலை. பேனல்போர்டுகளுக்கெல்லாம் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை பொட்டலம் கொடுத்து முடிக்க மணி இரண்டாகிவிட்டது. பூஜை முடிந்தபிறகு ஒரு பயல் அவசரமாகப் பேனலைத் திறக்கப் போனான். "ஏலே, பூஜைக்கு வச்ச சாமானை மறுநாள் எடுப்புக்கு முந்தித் தொடலாமால? அறிவில்ல?" என்று நாலு பேர் முன்னால் திட்டிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலிலேயே கனகலட்சுமி நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க. உள்ள வந்து பாருங்க. இனிமே லைட்டர் பேச்சை எடுக்கப்படாது."

உள்ளே போனேன்.

பெட்டி பளபளவென்று இருந்தது. முகம் தெரிந்தது. ஆறு வருஷத்தில் அதன் முகத்தை முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தேன். முப்பத்தொரு மாட்யூலுக்கும் முப்பத்தொரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். ஒரு ஒயர் இல்லை. நாற்பத்தாறையும் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, கலர் கலராகப் பிரித்து, சுருட்டி, ரப்பர்பேண்ட் போட்டுப் பித்தளைத் தாம்பாளத்தில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தாள். குமிழ்களையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் துடைத்து, எல்லாம் ஒரே மாதிரி மேலே பார்க்கும்படி நேராகத் திருப்பி வைத்திருந்தாள்.

"ரெண்டு மணி நேரம் ஆச்சு. இடுப்பே போச்சு" என்றாள்.

மில்லில் கொடுத்த பொரிப் பொட்டலம் கையிலிருந்து விழுந்து ஹாலெல்லாம் சிதறியது.

"என்னடி பண்ணி வச்சிருக்க? ஒயரை யாரு கழட்டச் சொன்னா?"

"கழட்டாம எப்பிடித் தொடைக்க? மிக்சி ஜாரைக் கழட்டித்தானே தொடைக்கேன். நீங்களே தெனமும் பிடுங்கிப் பிடுங்கித்தானே சொருகுறீக."

"அது பாட்டுடி! அந்த ஒயருதான் பாட்டு! ஏழு மாசப் பாட்டைத் தொடைச்சு வாழைப்பழத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கியே!"

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு போய்விட்டது. "எனக்கு யாரு சொன்னா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் நிதானம் கிடையாது என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

"உனக்குச் சொல்லி என்ன ஆவப்போவுது? ஏழு மாசத்துல ஒரு நாளாவது இதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கியா நீ? உனக்கு மிக்சியும் ஒண்ணு, இதுவும் ஒண்ணு."

அவள் குனிந்து பொரியைப் பொறுக்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

உடனே உட்கார்ந்து ஞாபகம் இருக்கிற வரைக்கும் சொருகிப் பார்க்கலாமா என்று கை பரபரத்தது. தாம்பாளத்தை நோக்கிக் கையும் நீட்டிவிட்டேன். தொட மனசு வரவில்லை. பூஜைக்கு வைத்தாகிவிட்டது. பூஜைச் சாமானைத் திரும்ப எடுக்கிற எடுப்பு மறுநாள் காலை பத்தரைக்கு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எவனையோ நாலு பேர் முன்னால் திட்டிவிட்டு வந்தவன் நான். சந்தனப் பொட்டு வைத்த என் பாட்டைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மணிக்கு மச்சான் சுண்டல் சாப்பிட வந்தார். விஷயத்தைக் கேட்டார். சுண்டலை மென்றுகொண்டே யோசித்தார்.

"ஒயரைக் கழட்டினா பாட்டுப் போயிருமா?"

"போயிரும்."

"அப்ப அது பாட்டு இல்ல மாப்ள. கனெக்சன்."

அவரைப் பெற்றவர்களுக்கு மரியாதை கொடுத்து நான் பதில் சொல்லவில்லை. கிறிஸ்டோ அன்றைக்கே வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் லாட்ஜில் தங்கியிருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தார். "காலையில நம்ம வேன்லயே கூட்டியாந்துருதேன். பதினொரு மணிக்கு மேல கூட்டியாரணும், அம்புட்டுத்தானே?" என்று சொல்லிவிட்டுப் போனார் மச்சான்.

சொன்னபடி செய்கிறவர் என்றால் அவர் மச்சான் இல்லையே. விஜயதசமியன்று காலை ஒன்பதே காலுக்கு வேன் வாசலில் வந்து நின்றது. "தம்பிக்கு மதுரையில மத்தியானம் பிளைட்டாம் மாப்ள" என்றார். எடுப்புக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம். தாம்பாளத்தில் வைத்த ஒயர் வைத்தபடியே இருந்தது.

கிறிஸ்டோ சின்ன வயசு. காதில் வளையம், தோளில் கேமரா. நாகர்கோவில் பூர்வீகமாம், நல்ல தமிழ் பேசினார். உள்ளே கூட்டி வந்தேன். வணக்கம் வைத்த கையோடு உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். "தம்பி, நேத்துப் பூஜைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்துவிட்டார். "ஐயோ" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு படுத்தார். படுத்தபடி படம் எடுத்தார். நாற்காலி மேல் ஏறி எடுத்தார். தாம்பாளத்தை எடுத்தார், வாழைப்பழத்தோடு எடுத்தார், தையல் மெஷின் பொட்டையும் பெட்டிப் பொட்டையும் சேர்த்து எடுத்தார்.

"சார், உலகம் பூரா எல்லாரும் ஒயரைக் குமிச்சு வச்சுப் படம் போடுறாங்க. நீங்க அத்தனையையும் எடுத்துட்டீங்களே! எப்படி சார் தோணுச்சு இது?"

எப்படித் தோன்றியது? சமையலறைப் பக்கம் பார்த்தேன். கனகலட்சுமி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"அது... அப்படியே வந்தது" என்றேன்.

போனில் என்னமோ தட்டினார். படத்தை விழாக்காரர்களுக்கு அனுப்பினாராம். காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. "செலக்ட் சார் நீங்க. போஸ்டரே இந்தப் படம்தான். பொட்டோட அப்படியே கொண்டு வாங்க. கழுவிராதீங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கிளம்பிவிட்டார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பித்தோம்டா மாரிச்சாமி என்று மனசு கும்மாளம் போட்டது. வேன் வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் போனேன். அவர் வேனில் ஏறி உட்காரும்போதுதான் அது உறைத்தது. இந்த மனுஷன் என் பாட்டைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. இனிமேல் கேட்கவும் போவதில்லை. நானாகக் கேட்கச் சொல்லலாம் என்றால் போட்டுக் காட்ட என்ன இருக்கிறது என்னிடம்? வாயில் சிரிப்பை வைத்துக்கொண்டு நின்றேன்.

"சார், செத்த நேரம் நில்லுங்க!"

கனகலட்சுமி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அவிய பாட்டைக் கேக்கத்தானே வந்தீக? கேக்காமலே போறீக?"

"பரவால்லக்கா, படமே போதும்..."

"என்ன பரவால்ல? படத்தை எடுத்துட்டுப் போறதுக்கு அவிய என்ன பொம்மையா செஞ்சாக? ஏழு மாசம் சார். மில்லுல இருந்து வந்து கைகால் கழுவாம உக்காந்து செஞ்சாக. நான் பாத்தேன்ல. ஒயரைக் கழட்டுனது நானு. எனக்குத் தெரியாது, கழட்டிட்டேன். அதுக்காகப் பாட்டு இல்லன்னு ஆயிருமா?"

வேனின் தகரத்தில் உள்ளங்கையால் தட்டினாள். தும். தும். தும்-தும். மச்சான் இன்ஜினை ஆஃப் செய்தார்.

"இப்பிடித்தான் ஆரம்பிக்கும்" என்றாள். பாடினாள்.

சொல் கிடையாது அந்தப் பாட்டில். ங், ஞ், கூ, டிக், இப்படித்தான். அவள் வாயாலேயே அத்தனையும் பாடினாள். கீழே ஓடுகிற கனத்த சத்தம் முதலில். அது நாலு தடவை போனபிறகு மேலே ஒன்று வழுக்கிக்கொண்டு ஏறுமே, அந்த வழுக்கல், நான் மூன்று வாரம் ஒரு குமிழோடு மல்லுக்கட்டிக் கொண்டுவந்தது, அது அப்படியே அவள் தொண்டையில் ஏறியது. நாலாவது சுற்றில் அரைக்கால் தாளம் பிந்தும். அது வேறு யாருக்கும் தெரியவே தெரியாது என்று இருந்தேன். அங்கே வந்ததும் தகரத்தில் அவள் கை அரைக்கால் பிந்தி விழுந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். ரிட்டயர்டு வாத்தியார் பேப்பரை மடித்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவில், அத்தனை பேர் முன்னால், துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றேன். ஏழு மாசமும் இவள் ஜாக்கெட் மட்டும் தைத்துக்கொண்டிருக்கவில்லை. நான் நேற்றுப் பேசிய பேச்சுக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

மேலே ஏறிய சத்தம் இறங்கியது. கடைசியாக இரண்டு டிக். நிறுத்திவிட்டாள்.

"அம்புட்டுத்தான் சார்" என்றாள். "பொறவு இதேதான் திரும்பத் திரும்ப வரும்."

நான் வேனின் டாஷ்போர்டில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் ஆரம்பித்தபோது ஒன்பது ஐம்பத்தெட்டு. இப்போதும் ஒன்பது ஐம்பத்தெட்டு. ஏழு மாசப் பாட்டுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கனகலட்சுமி என் பக்கம் திரும்பினாள். நேற்று மத்தியானத்துக்கப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"ஏங்க, எதாச்சும் விட்டுட்டனா?"

முப்பத்தொரு மாட்யூலையும் ஒவ்வொன்றாக மனசுக்குள் தடவிப் பார்த்தேன். நாற்பத்தாறு ஒயரையும் பார்த்தேன். ஏழு மாசத்தையும் இண்டு இடுக்கு விடாமல் தேடிப் பார்த்தேன்.

"இல்ல. ஒண்ணும் விடல" என்றேன்.